எலி சொல்லாத கணக்கு

பி.எஃப்.ஓ.ஏ. என்றொரு ஃபுளூரின் சேர்மம் இருக்கிறது. ஒட்டாத வாணலிக்குப் பூசும் டெஃப்லானைத் தயாரிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டது. பெண் எலிக்கு இதைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் பாதி சிறுநீரோடு போய்விடுகிறது. ஆண் எலிக்குச் சில நாள் ஆகிறது. குரங்குக்கு மூன்று நான்கு வாரம். மனிதருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு.

உடம்பில் புகுந்த பொருள் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்தை அரைவாழ்வு என்கிறார்கள். பத்தாண்டு அரைவாழ்வுள்ள ஒன்றை இருபது வயதில் உட்கொண்டவரின் உடம்பில் ஐம்பது வயதிலும் எட்டில் ஒரு பங்கு தங்கியிருக்கும். அதுவும் இடையில் ஒரு துளிகூடப் புதிதாகச் சேராதிருந்தால். குளோரின், புரோமின், ஃபுளூரின் ஆகிய ஹாலஜன்கள் கார்பனோடு பிணைந்து உருவான தொழிற்சாலைப் பொருள்களில் பல இந்த ரகம். இவற்றைப் பற்றி அதிகாரிகளும் ஆலைகளும் முதலில் கேட்டது ‘எவ்வளவு உட்கொண்டால் நஞ்சு’ என்பதைத்தான். எலிக்குக் கொடுத்துப் பார்த்து விடையும் சொன்னார்கள். உள்ளே போனது எப்போது வெளியே வரும் என்பதை மனித உடம்பில் அறிந்துகொண்டதோ பெரும்பாலும் விபத்துகளுக்குப் பிறகு. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் சொல்ல மிச்சிகனின் மாடுகளிலிருந்து தொடங்குவது நல்லது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூரில் மிச்சிகன் கெமிக்கல் என்ற ஆலை இருந்தது. அது விற்ற சரக்குகளில் இரண்டு நம் கதைக்கு வேண்டியவை. ஒன்று நியூட்ரிமாஸ்டர்: மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மக்னீசியம் ஆக்சைடு. இன்னொன்று ஃபயர்மாஸ்டர்: பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றாமலிருக்கச் சேர்க்கும் பாலிபுரோமினேட்டட் பைஃபினைல், சுருக்கமாக பி.பி.பி. 1973-இல் வழக்கமான வண்ணப் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்து, இரண்டும் சாதாரணப் பழுப்புத்தாள் பைகளில் போயின. பத்திலிருந்து இருபது பை ஃபயர்மாஸ்டர், நியூட்ரிமாஸ்டர் என்ற நினைப்பில் தீவன ஆலைக்குச் சென்று சேர்ந்தது. அங்கிருந்து மாநிலம் முழுவதும் மாடு, பன்றி, கோழிகளின் தீவனத்தில் கலந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஃபிரடெரிக் ஹால்பர்ட் என்ற பண்ணைக்காரரின் மாடுகள் தீவனத்தை ஒதுக்கின. பால் சரிந்தது. குளம்புகள் கோணலாக நீண்டன. ஹால்பர்ட் வேதிப் பொறியியல் படித்தவர்; அது மிச்சிகனின் அதிர்ஷ்டம். தீவனம்தான் காரணம் என்று ஊகித்து, கன்றுகளுக்கு அதைக் கொடுத்துச் சோதித்து, மாதிரிகளை ஆய்வகம் ஆய்வகமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி ஒன்று உண்டு. ஓர் ஆய்வகத்தில் வாயுப் பிரிப்புக் கருவியை அணைக்காமலே மதிய உணவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது, வழக்கமாகப் பார்க்கும் நேரம் கடந்த பிறகு, வரைபடத்தில் புதிய முகடுகள் எழுந்திருந்தன. கருவியை விட்டு வெளியேறுவதற்கே அந்தக் கனத்த மூலக்கூறுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. 1974 வசந்தத்தில் அமெரிக்க வேளாண்துறையின் ஜார்ஜ் ஃபிரைஸ் அதை பி.பி.பி. என்று அடையாளம் கண்டார். அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. மிச்சிகன் மக்கள் அந்தப் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பிறகு ஏறத்தாழ 30,000 மாடுகளும் 15 லட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன.

மாடுகள் நலிந்தபோது பண்ணைக்காரர்களுக்கு முதலில் கிடைத்த பதில், ‘உங்களுக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை’ என்பது. கால்நடைகளின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது மிச்சிகனோடு நிற்கவில்லை. 1968 பிப்ரவரியில் ஜப்பானின் மேற்குப் பகுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் செத்தன. கனேமி என்ற ஆலையின் தவிட்டு எண்ணெய்த் துணைப்பொருள் கோழித் தீவனத்தில் இருந்தது. அதே ஆலையின் அரிசித் தவிட்டு எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர்களுக்கு முகத்திலும் முதுகிலும் கரும்பருக்கள் வெடித்தபிறகுதான் மருத்துவர்கள் எண்ணெயைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்குக் கருத்த தோலுடன் குழந்தைகளும் பிறந்தன. வாடையைப் போக்க எண்ணெயைச் சூடாக்கும் குழாயிலிருந்து, பி.பி.பி.யின் குளோரின் உறவான பி.சி.பி. கசிந்திருந்தது. வெப்பத்தில் அதன் ஒரு பகுதி இன்னும் கொடிய ஃபியூரான்களாக மாறியிருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் அருகே வில்பர் டெனன்ட் என்பவரின் மாடுகள் தொண்ணூறுகளில் செத்துக்கொண்டிருந்தபோது, ஆராய வந்த கால்நடை மருத்துவர்கள் வளர்ப்புக் குறைபாடு என்று அறிக்கை எழுதினார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஓடை, டெஃப்லான் தயாரித்த டுபாண்ட் ஆலையின் கழிவுக் கிடங்கிலிருந்து வந்தது. எலி சொல்லாததை மூன்று இடத்திலும் கால்நடை சொல்லியிருக்கிறது. கேட்டவர்கள் பண்ணைக்காரர்கள் மட்டும்.

மிச்சிகனில் மனிதர்களைச் சோதித்த முதல் ஆய்வு ஒரு பாடம். மாசுபட்ட பண்ணைகளில் உள்ளவர்களையும் மற்றப் பண்ணைகளில் உள்ளவர்களையும் ஒப்பிட்டு, உடல்நலத்தில் வேறுபாடு இல்லை என்றார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த ‘மற்றவர்களின்’ இரத்தத்திலும் பி.பி.பி. இருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே பாலைக் குடித்திருந்தபோது தூய்மையான குழுவுக்கு எங்கே போவது? 1976-இல் தாய்ப்பாலை அளந்தார்கள். மாநிலத்தின் தென்பாதியில் பரிசோதித்த தாய்மார்களில் 96 விழுக்காட்டினரின் பாலில் அது இருந்தது. ஆய்வை வழிநடத்திய லாரி பிரில்லியன்ட், இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பில் பணியாற்றித் திரும்பியவர். பின்னாளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் துணைநின்ற சேவா அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

பி.பி.பி. ஏன் போகவில்லை என்பதில் அழகான வேதியியல் இருக்கிறது. ஹாலஜன் பிணைப்பு வலுவானது, அதனால் சிதையாது என்று பொதுவாக எழுதுவார்கள். ஃபுளூரினுக்கு அது சரி. கார்பன்–குளோரின், கார்பன்–புரோமின் பிணைப்புகள் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைவிட வலுவானவை அல்ல. காரணம் வேறிடத்தில் இருக்கிறது. கொழுப்பில் கரையும் அந்நியப் பொருளைக் கல்லீரல் வெளியேற்ற வேண்டுமானால், முதலில் அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றி நீரில் கரையும்படி செய்யவேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கு மூலக்கூறில் பிடிமானம் வேண்டும்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலியான கார்பன்கள் இருந்தால் வேலை எளிது. பி.சி.பி.யும் பி.பி.பி.யும் இரண்டு வளையங்கள் ஒட்டிய அமைப்பு. ஹாலஜன் அமரக்கூடிய இடங்கள் பத்து. அமரும் விதத்தைப் பொறுத்து 209 வகை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 153 என்ற எண்ணுள்ள வகையில் ஆறு ஹாலஜன்கள் அடுத்தடுத்த இரண்டு இடங்கள் எங்கும் காலியில்லாதபடி அமர்ந்திருக்கின்றன. நொதி தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ஃபயர்மாஸ்டரின் பெரும்பகுதி புரோமின் கொண்ட 153. மனிதக் கொழுப்பில் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படும் பி.சி.பி. வகைகளில் முன்நிற்பது குளோரின் கொண்ட 153. ஆலைகள் வேறு, கண்டங்கள் வேறு, ஹாலஜனும் வேறு. ஆனால் உடம்பில் எஞ்சிய அமைப்பு ஒன்று.

சிதைக்க முடியாததைக் கல்லீரல் பித்தநீரில் கொஞ்சம் தள்ளிவிடும். குடல் அதைக் கொழுப்போடு சேர்த்து மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பி.பி.பி. 153-இன் அரைவாழ்வு பத்தாண்டைத் தாண்டுகிறது. ஏறத்தாழ 4,000 பேரை 1970-களில் பதிவுசெய்து தொடங்கிய கண்காணிப்பு, இன்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் மூன்றாம் தலைமுறை வரை வந்துவிட்டது. கருவில் அதிக அளவு பெற்று, தாய்ப்பாலும் குடித்த பெண் குழந்தைகள் மற்றவர்களைவிட ஓராண்டு வரை முன்னதாகப் பூப்பெய்தியது அந்தக் கண்காணிப்பில் தெரியவந்த ஒன்று. அந்தக் குழந்தைகளில் பலர் பிறந்தபோது ஃபயர்மாஸ்டர் உற்பத்தியே நின்றுபோயிருந்தது. ஆலை மூடப்பட்ட தேதியும் தடை ஆணையின் தேதியும் அரசாங்கத்தின் கணக்கு. உடம்பின் கணக்கில் அந்தத் தேதிகளுக்குப் பொருளில்லை.

கொழுப்பில் தங்குபவை பெரிய அளவில் வெளியேற ஒரே வழிதான் உண்டு. ஸ்வீடனின் சோரன் யென்சன் 1960-களில் டி.டி.டி.யைத் தேடிக்கொண்டிருந்தார். கடற்கழுகின் உடலில் அடையாளம் தெரியாத முகடுகள் கிடைத்தன, அவை பி.சி.பி. என்று 1966-இல் அறிவித்தார். தன் வீட்டார் தலைமுடியையும் சோதித்தார். மனைவியின் முடியில் இருந்தது, ஐந்து மாதப் பெண் குழந்தையின் முடியிலும் இருந்தது. குழந்தை உண்டது தாய்ப்பால் மட்டும். அந்த ஒரே வழி தாய்ப்பால்தான்: பால் கொடுக்கும் தாயின் சுமை மாதத்துக்கு மாதம் இறங்குகிறது. தலைச்சன் பிள்ளைக்கு அதிகம் போகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரிது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எடையிட்டுப் பார்த்துச் சொன்னது.

நம் பக்கத்திலும் அளந்திருக்கிறார்கள். வயலில் பி.எச்.சி. என்ற குளோரின் பூச்சிக்கொல்லிப் பவுடர் தூவியது ஐம்பது வயது தாண்டிய விவசாயிகளுக்கு நினைவிருக்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நெல்வயலில் அந்தப் பொடியைப் பின்தொடர்ந்தார்கள். 1991-இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, தூவியதில் ஏறக்குறைய முழுவதும் காற்றில் போய்விட்டது. வெயில் நாட்டில் ஆவியாவது குளிர் நாட்டில் படியும். கனடாவின் வடகோடியில் ஆலையோ வயலோ இல்லாத நூனாவிக்கில், மாசில்லாத ஒப்பீட்டு மாதிரி கிடைக்கும் என்று நம்பி எரிக் டிவாயி 1980-களில் இனுவிட் தாய்மார்களின் பாலைச் சேகரித்தார். தெற்குக் கியூபெக் தாய்மார்களின் பாலில் இருந்ததைப்போல் ஐந்து மடங்கு பி.சி.பி. கிடைத்தது. சீலும் வெள்ளைத் திமிங்கிலமும் அவர்கள் உணவு.

நம் வெயில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவதுமில்லை. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழும் தாய்மார்களின் பாலில் டயாக்ஸின் என்ற குளோரின் சேர்மம் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்று 2004-இல் எஹிமே குழு எழுதியது. புகையை முகர்ந்ததால் மட்டும் வந்ததன்று. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மறுபடியும் மாடு.

டயாக்ஸின் என்றதும் எலிக் கணக்கு இன்னும் குழம்புகிறது. டி.சி.டி.டி. என்ற வகையை உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் கொடுத்தால் கினிப் பன்றிகளில் பாதி செத்துவிடும். ஹாம்ஸ்டருக்கு அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். இரண்டும் கொறிணிகள். மனிதர் எந்தப் பக்கம்? எலியில் இதன் அரைவாழ்வு மூன்று நான்கு வாரம். வியட்நாமில் களைக்கொல்லி தெளித்த அமெரிக்க விமானப்படையினரிடம் ஏழெட்டு ஆண்டு. இது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் பொருந்திக்கொண்டு மரபணுக்களை இயக்குகிறது. சாதாரண ஹார்மோன் என்றால் வேலை முடிந்ததும் சிதைந்துவிடும், இது எளிதில் சிதைவதில்லை, இயக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் டயாக்ஸினைப் பொறுத்தவரை நச்சுத்தன்மை, நீடிப்பு என்று இரண்டு தலைப்பில் எழுதுவதே சரியில்லை. நீடிப்புதான் நச்சின் பெரும்பகுதி.

இதில் ஒரு திருப்பம் 2004-இல் உக்ரைனிலிருந்து வந்தது. அதிபர் வேட்பாளர் விக்டர் யுஷ்சென்கோவுக்கு டி.சி.டி.டி. கொடுக்கப்பட்டது. இரத்தக் கொழுப்பில் சாதாரண அளவைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு இருந்தது. முகம் சிதைந்தது, ஆள் பிழைத்தார். ஜெனீவா மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் அவர் இரத்தத்தையும் மலத்தையும் அளந்தார்கள். அரைவாழ்வு பதினைந்தரை மாதம்தான். டயாக்ஸின் மிக அதிகமாக இருக்கும்போது, அதைச் சிதைக்கும் நொதிகளைக் கல்லீரலில் அதுவே தூண்டிவிடுகிறது. அளவு குறையக் குறைய நொதியும் அடங்கும், வெளியேற்றமும் மந்தமாகும். அரைவாழ்வு ஒரு பொருளின் நிலையான குணம் என்று பாடநூல் தரும் எண்ணத்தை இது கலைத்துவிடுகிறது. விபத்தில் நிறையப் பெற்றவரிடம் ஓரளவு வேகமாக இறங்குகிறது. உணவில் துளித்துளியாகப் பெறும் நம்மிடம் மெதுவாக.

இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று ஆலை வெடித்து டி.சி.டி.டி. பரவியபோது, உள்ளூர் ஆய்வகத்தில் பாவ்லோ மொகாரெல்லி மக்களின் இரத்த நீர்மத்தை உறையவைத்துச் சேமித்தார். அவ்வளவு சிறிய மாதிரியில் டயாக்ஸினை அளக்கும் முறை அப்போது இல்லை. பத்தாண்டுக்குப் பிறகு வந்தது. உறைநிலைப் பெட்டியைத் திறந்து அளந்தார்கள். மிக அதிகமாக மாசுபட்ட பகுதிப் பெற்றோருக்கு 1977 முதல் 1984 வரை பிறந்த 74 குழந்தைகளில் ஆண் 26, பெண் 48. இரத்தத்தை எறியாமல் வைத்திருந்த ஒருவரால்தான் இந்த எண் நமக்குத் தெரியும்.

குளோரின், புரோமின் கதைகளைக் கேட்டவர்கள் கொழுப்பைத் தேடப் பழகியிருந்தார்கள். ஃபுளூரின் அந்தப் பழக்கத்தை ஏமாற்றியது. 1968-இல் ராச்செஸ்டரைச் சேர்ந்த டொனால்ட் டேவ்ஸ் தன் இரத்தத்தில் ஃபுளூரின் இரண்டு வடிவில் இருப்பதைக் கண்டார். ஒன்று குடிநீர் ஃபுளூரைடு, இன்னொன்று கார்பனோடு கட்டுண்டது. 1970-களில் அவரும் வாரன் கை என்பவரும் அது பி.எஃப்.ஓ.ஏ. போன்ற பொருளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. இது கொழுப்பில் தங்குவதில்லை. இரத்தத்தில் ஆல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு சுற்றுகிறது. சிறுநீரகம் வடிகட்டினாலும், கொழுப்பமிலத்தைப் போன்ற உருவத்தால் ஏமாந்து, கடத்தும் புரதங்கள் அதைத் திரும்ப இரத்தத்துக்கு அழைத்து வந்துவிடுகின்றன. பெண் எலியின் சிறுநீரகம் அப்படி அழைப்பதில்லை. ஓட்டையில்லாத குடத்தைப் போல் நம் சிறுநீரகம். அதனால் இது இரத்தத்திலேயே தங்கிப்போகிறது.

3எம் நிறுவனத்தின் ஓய்வுபெற்ற 26 தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2007-இல் அரைவாழ்வைக் கணக்கிட்டார்கள்: பி.எஃப்.ஓ.ஏ. ஏறத்தாழ நான்கு ஆண்டு, அதன் உறவுகளான பி.எஃப்.ஓ.எஸ். ஐந்தரை, பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். எட்டரை. உற்பத்தி தொடங்கிப் பல பத்தாண்டுக்குப் பின் கிடைத்த எண்கள். டெனன்ட் தொடுத்த வழக்கும் அதைத் தொடர்ந்து வழக்கறிஞர் ராபர்ட் பிலட் நடத்திய வழக்கும் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 69,000 பேரின் இரத்தத்தைச் சோதிக்க வைத்தன. 2012-இல் முடிந்த அந்த ஆய்வு சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் அழற்சி, உயர் கொலஸ்டிரால், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஆறுடன் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி என்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்த 2023 ஆயிற்று.

வெளியேற்ற வழி உண்டா? ஆஸ்திரேலியாவில் தீயணைப்பு நுரையால் மாசுபட்ட 285 தீயணைப்பு வீரர்களிடம் நடந்த சோதனை 2022-இல் வெளியானது. ஓராண்டு முறையாகப் பிளாஸ்மா கொடுத்தவர்களிடம் பி.எஃப்.ஓ.எஸ். கால்பங்குக்கு மேல் குறைந்தது. இரத்தம் கொடுத்தவர்களிடம் பத்தில் ஒரு பங்கு. சும்மா இருந்தவர்களிடம் மாற்றமில்லை. மாதவிடாய் உள்ள பெண்களிடம் அளவு குறைந்திருப்பதற்கும் ஒரு விளக்கம் இதில் இருக்கிறது. பழைய குருதி நீக்க வைத்தியம்தான் இருபத்தோராம் நூற்றாண்டின் சிகிச்சை என்பது நவீன வேதியியலுக்குப் பெருமையான செய்தி அல்ல.

2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைதான் இவற்றை உலக அளவில் கட்டுப்படுத்தும் சட்டம். நீடிப்பு என்பதற்கு அது வைத்திருக்கும் அளவுகோல் என்ன? நீரில் அரைவாழ்வு இரண்டு மாதத்துக்கு மேல், மண்ணிலும் படிவிலும் ஆறு மாதத்துக்கு மேல். உடலில் சேர்வதற்கு மீன் போன்ற நீர்வாழ் உயிர்களில் 5,000 மடங்கு செறிவு, அல்லது கொழுப்பில் கரையும் தன்மையின் எண். மனித உடம்பில் அரைவாழ்வு எவ்வளவு என்ற தனி அளவுகோல் பட்டியலில் இல்லை. மற்றச் சான்றுகள் என்ற பின்கதவு வழியாகத்தான் அது நுழையவேண்டும். மீனளவில் சோதித்தால் பி.எஃப்.ஓ.எஸ். 5,000 என்ற வரம்பைத் தொடவில்லை, கொழுப்புக் கணக்கு அதற்குப் பொருந்தவுமில்லை. துருவக் கரடி போன்ற பாலூட்டிகளின் உடலில் சேர்ந்திருந்ததைக் காட்டித்தான் 2009-இல் பட்டியலில் சேர்த்தார்கள். பி.சி.பி.யைப் பார்த்து எழுதிய சட்டம், பி.சி.பி.யைப் போல் இருப்பதைத்தான் எளிதில் பிடிக்கும். ஆலைகளுக்கும் இது தெரியும். குளோரினுக்குப் பதில் புரோமின் வந்தது; நீளச் சங்கிலி ஃபுளூரினுக்குப் பதில் குறுஞ்சங்கிலி வந்துகொண்டிருக்கிறது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான பொருள் ஒன்றையும் சொல்லவேண்டும். டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் இந்தக் குடும்பத்தில் மிகக் குட்டையானது. புதிய காரின் ஏ.சி.யில் நிரப்பும் வாயு காற்றில் சிதைந்து இதுவாகிறது. உடம்பில் தேங்காமல் ஓரளவு விரைவில் சிறுநீரில் போய்விடுகிறது. ‘உள்ளே போனது எப்போது வெளியே வரும்’ என்ற கேள்வியில் தேறிவிடும். ஆனால் மழையில், நிலத்தடி நீரில், பயிரில் சேர்ந்துகொண்டே போகிறது. நீரிலிருந்து அதை எடுக்கும் மலிவான வழி இல்லை. காலையில் வெளியேறியது மாலைத் தண்ணீரில் திரும்ப வந்தால், இரத்தத்தில் அதன் அளவு நிரந்தரம்தான். இனப்பெருக்கத்துக்குத் தீங்கான பொருள் என்று வகைப்படுத்தும்படி 2024-இல் ஜெர்மனி ஐரோப்பிய ஒன்றியத்திடம் முன்மொழிந்தது. ஆதாரம், முயல்களிடம் நடந்த சோதனை.